ஹாஜ்ஜா யம்னா வீட்டுக்கு மேலே உள்ள காற்று

1.

இந்தக் கதை ஓர் அவமானத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. பிறகு வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டால் எனக்கு இன்னும் அவமானம்.

ஒரு வெள்ளிக்கிழமை. கூஸ்கூஸ் தின்று வயிறு கனத்து, எங்கள் தெருப் பெண்கள் வழக்கம்போல என் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் என் பழைய சரக்கு ஒன்றை அவிழ்த்துவிட்டிருந்தேன். ஏழை மீனவனின் மகன் ராஜகுமாரிக்காக ஒரே இரவில் மாளிகை எழுப்புகிற கதை. வெள்ளிக் கதவு மாட்டியாயிற்று. முற்றத்தில் ஆரஞ்சு மரம் நட்டாயிற்று. நீரூற்றைத் திறந்துவிடக் கையை உயர்த்தினேன். அப்போது பத்தூல் கேட்டாள்:

"சித்தி, மனை யாருது?"

"எந்த மனை?"

"மாளிகைக்கு அடியில இருக்குற மனை. யார்கிட்ட வாங்கினான்? பத்திரம் யார் பேர்ல போட்டான்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் கோபம் வந்துவிடும் என்பதால். எத்தனை மாளிகை கட்டியிருப்பேன் இந்த வாயால். ஒன்றுக்காவது பத்திரம் உண்டா? பட்டா இல்லாத ஊரையே நான் கட்டி வைத்திருக்கிறேன். நாளை நகராட்சிக்காரன் வந்தால் என் ராஜகுமாரிகள் எல்லாரும் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

நீரூற்று திறக்கப்படாமலே அன்றைய கதை முடிந்தது. பெண்கள் இறங்கிப் போனார்கள். பத்தூல் மட்டும் போகவில்லை. தேநீர்க் குவளைகளைத் தட்டில் அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள்.

"அடுத்த வாரம் பத்திரத்தோட ஒரு கதை சொல்லு சித்தி. கையில கொஞ்சம் காசு வச்சிருக்குற ஒருத்தி, வாழ்க்கையில முதல்முறையா சொத்து வாங்குற கதை. வேற எங்கயும் தேடாத. என்னையே வச்சுக்கோ."

"உன் கதை எங்க போய் முடியுது?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உன்கிட்ட கேக்குறேன். முடிவ மட்டும் நல்லா வை."

சரி என்றேன். சொத்து வாங்குவதைப் பற்றி எனக்குத் தெரிந்தது, மத்தி மீனுக்கு மாடிப்படியைப் பற்றித் தெரிந்த அளவுதான். இந்த வீடு என் கணவருக்கு அவர் அப்பாவிடமிருந்து வந்தது, எனக்கு அவரிடமிருந்து வந்தது. நான் வாங்கியதில் மிகப் பெரியது ஒரு கம்பளம். அதிலும் ஏமாந்தேன்.

2.

தொடக்கங்கள். மூன்று எழுதினேன். கிழித்தவற்றையும் காட்டுகிறேன், நீங்கள் என் சொந்தக்காரர்கள் மாதிரி.

முதல் தொடக்கம்: "ஒரு ராஜா ஒரு துண்டு நிலம் வாங்க நினைத்தார். அதனால் அவர்" — இங்கே நின்றுவிட்டேன். ராஜா ஏன் வாங்கப் போகிறார்? எடுத்துக்கொள்வார். இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு ஆரம்பநிலை முதலீட்டுக்காரர்களுக்கு நான் என்ன சொல்லிக்கொடுக்க?

இரண்டாம் தொடக்கத்துக்கு ஆராய்ச்சி செய்தேன். அதாவது, பத்தூலின் கைப்பேசியில் ஒரு ஆளைப் பார்த்தேன். நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, புதிதாகச் சொத்து வாங்குகிறவர்கள் செய்ய வேண்டியவை என்று அடுக்கினார். இடத்தைப் பார். மேலும் இடத்தைப் பார். சும்மா இருக்கும்போதே வருமானம் வர வேண்டும். அடுத்தவர் பணத்தில் வாங்கு.

பத்தூல் கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கி, அந்த ஆளிடமே கேட்டாள்: "அடுத்தவங்க காசு என் கையில இருந்தா, நான் ஏன்டா இத்தனை வருஷம் மத்தித் தலைய கிள்ளிக்கிட்டு இருந்தேன்?"

அவருக்குப் பின்னால் குளம் மட்டும் மின்னியது.

மூன்றாம் தொடக்கம் அங்கிருந்துதான் வந்தது: "பத்தூலின் விரல்களில் எந்த சோப்புக்கும் மசியாத ஒரு மத்தி வாசனை உண்டு."

[பத்தூல்: "வாசனைய எடுத்துடு சித்தி, ஊரெல்லாம் படிக்கும்." எடுக்க மாட்டேன். எங்கள் ஸஃபி ஊரில் யாரிடம் அந்த வாசனை இல்லை? துறைமுகத்திலிருந்து காற்று திரும்பினால் மசூதி இமாமிடமும் அதே வாசனைதான்.]

இதையே வைத்துக்கொண்டேன்.

3.

பத்தூலின் விரல்களில் எந்த சோப்புக்கும் மசியாத ஒரு மத்தி வாசனை உண்டு. டப்பா ஆலையில் நின்றபடியே அவள் இளமை போயிற்று. கணவன் மீன் பிடிக்கத் தெற்கே போனான். அங்கே மீனும் கிடைத்தது, இன்னொரு மனைவியும் கிடைத்தாள். பிள்ளை இல்லை. எங்கள் தெருக்கோடியில் ஒரு பின்கட்டு அறையில் வாடகைக்கு இருக்கிறாள். ஆலை மூடியபோது ஒரு தொகை கொடுத்தார்கள். அதே மாதம் வீட்டுக்காரர் வந்து மரியாதையாகத்தான் சொன்னார்: பையனுக்குக் கல்யாணம், கோடை முடிந்தால் அறை வேண்டும். காலி செய்துவிட்டால் அவள் போவதற்கு இருக்கிற ஒரே இடம் காஸாபிளாங்காவில் தம்பி வீடு. தம்பி மனைவி அவளுக்கு ஒதுக்கியிருக்கிற இடம், தொலைக்காட்சிக்கு முன்னால் உள்ள திண்டு மெத்தை. எல்லாரும் படம் பார்த்து முடித்து எழுந்தால்தான் பத்தூல் படுக்க முடியும்.

அதனால் அவளுக்கு வேண்டியது இதுதான்: தன் பெயரில் ஓர் அறை. முடிந்தால் பக்கத்தில் இன்னொன்று, வாடகைக்கு விட. அவ்வளவுதான் அவளுடைய சாம்ராஜ்யம்.

குயவர் மேட்டுக்குக் கீழே தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கும் தரகர் ஷுஐபிடம் போனாள்.

(இந்த ஷுஐபை முதலில் தங்கப்பல் வைத்த திருடனாக எழுதியிருந்தேன். கதைக்கு வசதி. ஆனால் எழுதிய மறுநாள் நிஜ ஷுஐப் தெருவில் என் காய்கறிப் பையை வாங்கி வீடு வரைக்கும் தூக்கி வந்து, "மூட்டு வலி எப்படி இருக்கு சித்தி" என்று கேட்டுவிட்டுப் போனார். பல்லெல்லாம் சொந்தப் பல். எழுத்தில் ஒருவரைக் கெட்டவராக்க அவர் கொஞ்சமாவது ஒத்துழைக்க வேண்டாமா? தங்கப்பல்லைப் பிடுங்கிவிட்டேன்.)

"அடுக்குமாடி வீடு பாக்குறீங்களா அக்கா?" என்றார் ஷுஐப்.

"தொகையச் சொன்னேனே. அதுக்குக் கதவு வருமா?"

"கதவு வரும். வீடு வராது." யோசித்தார். "பழைய வீடு ஒண்ணு, மலிவா இருக்கு. வாரிசு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. எல்லாரும் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

"எங்க இருக்காங்க?"

"பாதிப் பேர் இங்க, பாதிப் பேர் பிரான்ஸ்ல. ரெண்டு பேர் உயிரோட இருக்காங்களான்னு விசாரிச்சுக்கிட்டு இருக்கோம்."

"வேற?"

ஷுஐப் தேநீரை ஒரு மடக்கு உறிஞ்சினார். "காத்து இருக்கு."

"அது எல்லா இடத்துலயும்தான் இருக்கு."

"இது பத்திரத்தோட இருக்கு அக்கா. ஹாஜ்ஜா யம்னா வீட்டுக்கு மேல. நல்ல காத்து. கடல் பாத்த காத்து."

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எங்களுக்கு இல்லை. எங்கள் நாட்டில் ஒருவர் தன் வீட்டைத் தானே வைத்துக்கொண்டு, அதன் கூரைக்கு மேலுள்ள வெற்றிடத்தை மட்டும் விற்கலாம். வாங்கியவர் அந்த இடத்தில் மாடி எழுப்பிக்கொள்ளலாம். காற்று விற்பது என்றே பெயர். ஷரியத்தும் ஒப்புக்கொண்டது, சட்டமும் ஒப்புக்கொண்டது. ஏழைகளுக்கு இதில்தான் கை எட்டும். மண் எல்லாம் முன்பே பிறந்தவர்களுக்குப் போய்விட்டதே.

4.

யம்னா என் பக்கத்து வீட்டுக்காரி, ஹஜ் போய் வந்தவள். அவள் வீட்டுக் கூரையின் நாலு மூலையிலும் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். மகன் மேலே கட்டுவான் என்று அந்தக் காலத்தில் விட்டு வைத்தது. மகன் இத்தாலிக்குப் போனான், அங்கேயே வேறொருவர் காற்றில் குடியிருக்கிறான். கம்பிகள் துருப்பிடித்துவிட்டன, யம்னா அவற்றில் பூண்டுச் சரம் தொங்கவிடுகிறாள். கீழ்ச்சுவரில் ஈரம் ஏறுகிறது, பூச வேண்டும், அதற்குக் காசு வேண்டும். காற்றை விற்றால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தாள். கத்தரிக்காயை விற்றால் கூடை காலியாகும். காற்றை விற்றால் எதுவும் காலியாவதில்லை.

பத்தூல் பார்க்கப் போனாள். யம்னா வாசலிலேயே அவளை இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, முற்றத்தில் உட்காரவைத்து, புதினாத் தேநீரும் தேன் தடவிய மடக்கு ரொட்டியும் கொடுத்து, பிறகு கையைப் பிடித்துத் தன் படுக்கையறையைத் தாண்டிய படியில் மேலே அழைத்துப் போனாள்.

"பாரு மகளே. அங்க கடல். இங்க சித்தி ஹனியா மாடி. பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்ல."

(ஹனியா நான்தான். கதைக்குள் என் பெயர் வரக் கூடாது என்று இருந்தேன். வந்துவிட்டது.)

பத்தூல் காற்றின் நடுவில் நின்றாள். கையை இரண்டு பக்கமும் நீட்டிப் பார்த்தாள். இதுவரை அவள் வாழ்க்கையில் அவளுடையது என்று இவ்வளவு இடம் இருந்ததில்லை.

பத்திரம் எழுதும் பெரியவர்கள் இருவர் வந்தார்கள். எங்களூரில் அவர்கள் எப்போதும் ஜோடியாகத்தான் வருவார்கள், செருப்பைப் போல. ஒருவர் எல்லைகளைச் சொன்னார், மற்றவர் எழுதினார். மேற்கே தெருவின் காற்று. கிழக்கே ஹனியாவின் காற்று. வடக்கே தையல்காரரின் காற்று. தெற்கே பாழ்மனையின் காற்று. கீழே, விற்பவரின் கூரை.

"மேல?" என்று கேட்டாள் பத்தூல்.

எழுதியவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார். "மேல யாரோடதுன்னு உனக்குத் தெரியாதா மகளே?"

நாலு திசையும் அளந்தாயிற்று, மேலும் கீழும் சொல்லியாயிற்று. ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை. காற்றுக்கு எந்த வழியாக ஏறுவது?

ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நீச்சல் குளத்து மனிதரும் கேட்பார். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒருத்தி உங்களுக்குத் தேநீர் ஊற்றி, ரொட்டியைப் பிய்த்துக் கையில் கொடுத்து, தன் படுக்கையைத் தாண்டித் தானே கைபிடித்து அழைத்துப் போகிறாள். அவள் உப்பு உங்கள் நாக்கில் இருக்கிறது. அந்த நேரத்தில், "நாளைக்கும் கதவு திறப்பீங்களா, எழுதிக் கொடுங்க" என்று எப்படிக் கேட்பது? எங்கள் ஊரில் அதைக் கேட்பதைவிட அவள் முகத்தில் தேநீரை ஊற்றலாம். தரகருக்குத் தெரிந்திருக்கும்தான். அவரும் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

5.

பத்தூல் முதல் தடவை கொத்தனாரோடு போய்க் கதவைத் தட்டியபோது யம்னா ஜன்னலைத் திறந்தாள். கதவைத் திறக்கவில்லை.

"வா மகளே, சுகமா? யாரது ஆம்பள?"

"கொத்தனார் ஹாஜ்ஜா. மேல அளக்கணும்."

"அளக்கட்டும். எப்படிப் போவார்?"

"படியிலதான்."

"காத்த வித்தேன். படிய விக்கலையே. பத்திரத்துல படி இருக்கா, படிச்சுப் பாரு."

பத்தூலுக்குப் படிக்கத் தெரியாது. கொத்தனார் படித்தார். படி இல்லை.

யம்னாவை இந்த இடத்தில் கெட்டவளாக்கிவிடலாம் என்று பார்த்தேன். கன்னத்தில் ஒரு மரு கூட வைத்தேன். ஆனால் அன்று மாலை அவளே என் மாடிச் சுவரோரம் வந்து, தணிந்த குரலில் சொன்னதையும் எழுத வேண்டியிருக்கிறது:

"அவ வந்து போறது எனக்குப் பிரச்சனையே இல்ல ஹனியா. ஆனா குடி வைக்கப் போறா. நாளைக்கு எவனோ ஒரு கப்பல்காரன் ஈரக் காலோட என் கட்டிலத் தாண்டிப் போவான். தலையில துணி இல்லாம என் முற்றத்துல நான் உக்கார முடியுமா? தனியா இருக்குற பொம்பள நான். நீ சொல்லு."

மருவை எடுத்துவிட்டேன்.

நகராட்சிக்குப் போனால் அங்கேயும் குமாஸ்தா வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேல எப்படிம்மா போவீங்க?" என்றே கேட்டார். வழி காட்டினால்தான் அனுமதி. வழக்கு போடலாம் என்றார் வக்கீல். ஜெயிக்கவும் ஜெயிக்கலாம், ஆனால் அதற்குள் இன்னும் சில கோடைகள் வந்து போகும் என்றார்.

ஆகவே பத்தூல் தன் சொத்தைப் பார்க்க வேண்டுமானால் என் மாடிக்கு வந்து, சுவரோரம் நின்று பார்க்க வேண்டும். பெருநாள் நெருங்கியபோது யம்னா தன் கூரையில் குர்பானி ஆட்டைக் கட்டினாள். பத்தூல் பார்த்தாள்.

"ஹாஜ்ஜா, உன் ஆடு என் காத்துல நிக்குது."

"காலு என் தளத்துல இருக்கு மகளே."

"தலை?"

யம்னா ஆட்டைத் திரும்பிப் பார்த்தாள். நியாயமாகவே யோசித்தாள். "தலை உன்னோடதுதான். அப்ப புல்லு நீ போடு. திங்கிறது உன் பக்கத்துலதான நடக்குது."

"புழுக்கை?"

"விழுற வரைக்கும் உன்னோடது. விழுந்தா என்னோடது. நானே கூட்டிக்கிறேன்."

"கொடியில துணி?"

"காயுற வரைக்கும் உன்னோடது."

"அப்ப வாடகை குடு."

"காஞ்சிருச்சு," என்று சொல்லி யம்னா ஒவ்வொன்றாக உருவினாள்.

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரித்ததில் எதுவும் தீரவில்லை. பெருநாளன்று யம்னா ஒரு தொடையைச் சுவர் தாண்டி நீட்டினாள். பத்தூல் வாங்கிக்கொண்டாள். கதவு மட்டும் திறக்கவில்லை.

6.

இந்தப் பகுதியை எழுத எனக்கு விருப்பமில்லை. அதனால் இரண்டு நாள் ஜன்னல் துடைத்தேன்.

விஷயம் இது. என் வீட்டுப் படி தெருவிலிருந்தே தொடங்கும். மாமனார் மேலே மாணவர்களைக் குடிவைத்திருந்த காலத்தில் அப்படிக் கட்டினார். தெருக் கதவைத் திறந்தால், என் அறைகள் எதிலும் நுழையாமல், நேரே மாடி. என் மாடிக்கும் பத்தூலின் காற்றுக்கும் நடுவில் இருப்பது இடுப்பளவுச் சுவர் மட்டும். அதில் ஒரு வாசல் அகலத்துக்கு உடைத்து, நான் ஒரு கையெழுத்துப் போட்டால், பத்தூலுக்கு வழி கிடைத்துவிடும். பத்திரக்காரர்களைக் கேட்டாயிற்று. ஜோடியாகத் தலையாட்டினார்கள்.

பத்தூல் என்னிடம் இதைக் கேட்கவில்லை. ஏற்கெனவே காற்றை வாங்கி வழியில்லாமல் நின்றவள், கதை கேட்ட அந்த வெள்ளிக்கிழமை குவளைகளை அடுக்கிக் கலைத்துக்கொண்டிருந்தாள் என்று சொன்னேன் அல்லவா, அப்போது அந்தச் சுவரைப் பார்த்தபடி, "இது ஒத்தக் கல்லா, ரெட்டக் கல்லா சித்தி?" என்றாள். அவ்வளவுதான்.

நான், "கதைய யோசிக்கணும், போயிட்டு வா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? என் மாடிக்கு மேற்கே கடல். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வெயில் அந்தப் பக்கமிருந்து சாய்வாக வந்து, என் நாற்காலியில் விழும். நான் எழுதுவது அங்கேதான். வெள்ளிக்கிழமைப் பெண்கள் உட்காருவதும் அங்கேதான். கம்பளி காய்வதும், என் முழங்கால் காய்வதும் அங்கேதான். யம்னா கூரைமேல் பத்தூல் இரண்டு அறை எழுப்பினால், வெயில் அவள் சுவரில் நின்றுவிடும். எனக்கு நிழல்தான் மிச்சம். அதோடு ஈரக் காலோடு வரும் அந்தக் கப்பல்காரன் இருக்கிறானே, யம்னா பயப்படுகிற அதே ஆள், அவன் என் படியில் ஏறுவான்.

ஆகவே, கண்ணுகளா, நீங்கள் படித்துக்கொண்டிருப்பது கதை என்று நினைத்தால் அது உங்கள் நல்ல மனசு. இது ஒரு கிழவி பதில் சொல்லாமல் இழுத்தடிப்பது. சிலர் இதற்குத் தலைவலி என்பார்கள், சிலர் வெளியூர் போவார்கள். நான் இலக்கியம் என்றேன்.

7.

முடிவுகள். பத்தூல் தினமும் வந்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டதால் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன்.

முதல் முடிவில் யம்னாவின் மகன் இத்தாலியிலிருந்து திரும்புகிறான். தாயின் கையை முத்தமிடுகிறான். தெருப்பக்கமாகப் புதுப் படி கட்டித் தருகிறான்.

"எந்தச் செலவுல?" என்றாள் பத்தூல். "அவன் போன வருஷம் அம்மாவுக்கு அனுப்பினது ஒரு காபி மெஷின். அவங்க அதுல பட்டன் வச்சிருக்காங்க, தைக்கிற பட்டன்."

அடுத்ததில் பத்தூல் காற்றுக்கு மேல் காற்றாக வாங்கி, துறைமுகம் முழுக்கக் கட்டடம் எழுப்பி, கடைசியில் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

"எனக்கு நீச்சல் தெரியாது."

பிறகு ஆட்டை வைத்து ஒன்று. ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு சுவரைத் தாண்ட, அதைப் பிடிக்க ஓடியதில் யம்னாவும் பத்தூலும் கட்டிப்பிடித்து அழுது — இதை முழுக்கப் படிக்கவில்லை. பாதியில் எனக்கே கூச்சமாகிவிட்டது. மேலும் அந்த ஆட்டை நாங்கள் சாப்பிட்டு முடித்திருந்தோம்.

நாலாவதை நம்பித்தான் இருந்தேன். தரகர் ஷுஐப் வேறொரு ஆளைப் பிடிக்கிறார். பத்தூல் காற்றை வாங்கிய விலைக்கே, ஏன், கொஞ்சம் கூடுதலாகவே விற்றுவிடுகிறாள். இதில் ஆரம்பநிலைக்காரர்களுக்குப் பாடமும் இருக்கிறது: மாட்டிக்கொண்டால் மெல்ல நழுவு.

பத்தூல் யோசித்தாள். எனக்கு நம்பிக்கை வந்தது.

"வாங்குறது யாரு சித்தி?"

"யாரோ ஒருத்தி. பேர் வைக்கல இன்னும்."

"படி இல்லன்னு நான் அவகிட்ட சொல்றேனா?"

"கதையில அது வராது. நேரா பத்திரம் முடிஞ்சிடும்."

"அவளும் யம்னா வீட்டு ரொட்டியத் தின்னிருப்பா," என்றாள் பத்தூல். "அவளுக்கும் கேக்கத் தோணியிருக்காது." எழுந்து செருப்பை மாட்டினாள். "வேற எழுது."

8.

வேறு எழுதினேன். இந்தத் தடவை பயந்துகொண்டே எழுதினேன், ஏனென்றால் இதுதான் என் மனதில் முதலிலிருந்தே இருந்த முடிவு. போன வெள்ளிக்கிழமை பெண்கள் எல்லாரும் இருக்கும்போதே படித்தேன். கூட்டத்தில் சொன்னால் கொஞ்சம் லேசாக இருக்கும் என்று நினைத்தேன். பத்தூல் கடைசியில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அந்த முடிவில் பத்தூல் காற்றைக் கட்டாமலே வைத்துக்கொள்கிறாள். சொத்து என்பது கல்லா, சிமெண்டா? ஓர் இடத்தைப் பார்த்து இது என்னுடையது என்று நினைக்க முடிந்தால் போதாதா? மாலை நேரங்களில் அவள் சித்தியின் மாடிக்கு வருகிறாள். வெயில் சாய்கிறது. கடல்பறவைகள் அவளுடைய காற்றுக்குள் வாடகை தராமல் நுழைந்து, வாடகை தராமல் வெளியேறுகின்றன. அவள் புன்னகை செய்கிறாள். உலகத்திலேயே சுவரில்லாத வீடு அவளுக்குத்தான் இருக்கிறது.

நன்றாகத்தான் எழுதியிருந்தேன். கூட்டத்தில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். தையல்காரர் மனைவி, "பறவை வந்த இடம் அருமை" என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமை கூட வந்தது, வெட்கமில்லாமல்.

"பத்தூல், உனக்கு?" என்றேன்.

"நல்லா இருக்கு சித்தி," என்றாள். உண்மையாகவே சொன்னாள், குத்தலே இல்லை. "அதுல நான் எங்க தூங்குறேன்?"

யாரும் சிரிக்கவில்லை.

நான் தாள்களைப் புரட்டினேன், எங்காவது எழுதியிருப்பேன் என்கிற மாதிரி. பறவைகள் இருந்தன. வெயில் இருந்தது. புன்னகைக்கு ஒரு வரி முழுசாகக் கொடுத்திருந்தேன். படுக்கை இல்லை. மற்ற முடிவுகளையும் புரட்டினேன். மகன் வந்த முடிவிலும் இல்லை, நீச்சல் குளத்திலும் இல்லை, ஆட்டிலும் இல்லை. எதிலும் நான் அவளைப் படுக்க வைக்கவில்லை. எல்லாவற்றிலும் அந்தப் பெண் நின்றுகொண்டேதான் இருந்தாள், ஆலையில் நின்ற மாதிரியே.

"அது அடுத்த பக்கத்துல வருது," என்று சொன்னேன்.

"சரி," என்றாள் பத்தூல். நம்பினாளா என்று தெரியாது. தேநீர்க் குவளைகளை எடுத்து அடுக்கினாள். இந்தத் தடவை கலைக்கவில்லை. ஒரே அடுக்காக அடுக்கிக் கீழே எடுத்துப் போனாள்.

9.

அடுத்த பக்கம் இதுதான்.

பத்தூல் இப்போது தன் அறையில் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடிக்க ஆள் அனுப்பிவிட்டார். மூட்டை காஸாபிளாங்கா பேருந்துக்கா, வேறெங்குமா என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. தம்பி மனைவி தொலைபேசியில், புதுத் தொடர் ஒன்று ஆரம்பித்திருக்கிறது, தினமும் நேரமாகும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறாளாம்.

இன்று காலை நான் ஒரு சோதனை செய்தேன். என் நாற்காலியை மேற்குச் சுவரோரத்திலிருந்து எடுத்துக் கிழக்குப் பக்கம் போட்டேன். சின்ன வேலை மாதிரி எழுதுகிறேன். நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம், எனக்கு இரண்டு காலும் ஆட்டம். கடல் தெரியவில்லை. அதற்குப் பதில் ரொட்டி அடுப்புக்காரரின் புகைபோக்கியும், அவர் மனைவியின் உள்பாவாடைகளும் தெரிகின்றன. காட்சி என்று சொல்ல முடியாது. ஆனால் காலை வெயில் அங்கே விழுகிறது. எழுத்து தெரிகிறது. இந்தப் பகுதியை அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன், வரி கொஞ்சம் கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கப்பல்காரனைப் பற்றியும் யோசித்தேன். ஈரக் காலோடு வருகிறானே. வாசலில் ஒரு சாக்கு போட்டால் துடைத்துக்கொண்டு வர மாட்டானா? துடைக்கவில்லை என்றால் அவனையும் ஒரு கதையில் போட்டு, தங்கப்பல் வைத்துவிடுகிறேன். அந்தப் பல் சும்மாதான் கிடக்கிறது.

யம்னா தன் கூரையில் துணி உலர்த்திக்கொண்டே கேட்டாள்: "என்ன ஹனியா, இடம் மாறி உக்காந்திருக்க?"

"வெயில் பாக்குறேன்."

"அங்க வெயில் மத்தியானம் வரைக்கும்தான்."

"மத்தியானத்துக்கு மேல எனக்கு என்ன எழுத்து வேண்டிக்கிடக்கு. தூங்குற வயசு."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு நடுக் கொடியில் போட்டிருந்த துணிகளை எடுத்து, தன் ஓரத்துக் கொடிக்கு மாற்ற ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாக, ஈரமாகவே. கம்பியில் தொங்கிய பூண்டுச் சரத்தையும் கழற்றினாள்.

"சும்மா," என்றாள், நான் கேட்காமலே.

இந்தக் கதையை இங்கே முடித்துவிடலாம். ஆனால் முடிவு எழுதுவதில் என் யோக்கியதை என்ன என்று நீங்கள் பார்த்துவிட்டீர்கள். என்னிடம் விட்டால் மறுபடி பறவைகளை அழைத்து வந்துவிடுவேன். அதனால் கடைசி வரியை உங்களிடம் தருகிறேன்.

கொத்தனார் வந்திருக்கிறார். நான்தான் வரச் சொன்னேனா, தானாக வந்தாரா என்பதை இப்போது கிளற வேண்டாம். யம்னா பக்கத்து இடுப்பளவுச் சுவருக்கு முன்னால் நிற்கிறார், கையில் கரித்துண்டு. ஒரு கோடு போட்டுவிட்டார். இரண்டாவது கோட்டை எங்கே போடுவது என்று கேட்கிறார். "ஆள் மட்டும் போனாப் போதுமா சித்தி, இல்ல சாமானும் போகணுமா?"

கண்ணுகளா, நான் வாழ்நாளில் வெள்ளிக் கதவெல்லாம் வைத்தவள். ஒன்றைக்கூட அளந்து வைத்ததில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், அவர் காத்திருக்கிறார்: ஒரு கட்டில் உள்ளே போக வேண்டுமென்றால், வாசல் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்?